அழைப்பிதழின் தெலுங்குப் பக்கம்

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருத்தணிப் பக்கத்தில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் சண்டை, கொஞ்சல், மாட்டை அதட்டுவது எல்லாம் தெலுங்கில். பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் தாலுகா ஆபீசும் தமிழில். என் அக்காவுக்கும் அப்படித்தான். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற அக்கா வீட்டுக்காரருக்கும், அதாவது பாவாவுக்கும், அப்படித்தான். இரண்டு மொழியையும் ஒரே கவளத்தில் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள். அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது என்பதால் பேச்சையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், காரணம் அக்கா மகளின் கல்யாணத்துக்கு நான் பொறுப்பெடுத்து அடித்துக்கொடுத்த அழைப்பிதழ். அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது. "அது உன் தப்பாய்யா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தூக்கம் போவது எனக்குத்தானே.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். அப்போது எனக்கு, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற லினக்ஸ் மேல் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் லோக்கல் ரயிலில் போக்குவரத்து. அரக்கோணம் ஸ்டேஷன் புத்தகக் கடைக்கு ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று வரும். அதன் வயிற்றில் ஒரு சிடியை ஒட்டியிருப்பார்கள். அந்தச் சிடியை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, முதல் தடவை எல்லாவற்றையும் அழித்து, இரண்டாம் தடவை கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைப் பார்த்து மிரண்டு, ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸின் சின்னமான பென்குவின் வந்து திரையில் உட்கார்ந்தபோது நான் வீட்டுக்குள் குதித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, லாட்டரியா?" என்றாள்.

லாட்டரியேதான். காசில்லாமல், திருட்டில்லாமல், வைரஸ் பயமில்லாமல் ஒரு முழுக் கம்ப்யூட்டர்! யாரோ முகம் தெரியாதவர்கள் உலகத்தின் நாலு மூலையில் உட்கார்ந்து எழுதி, "எடுத்துக்கோ, மாத்திக்கோ, நாலு பேருக்குக் குடு" என்று கொடுத்துவிட்டார்கள். இதை நாலு பேருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது? ரயிலில் சொன்னேன். சீட்டு ஆடுகிறவர்கள், "சார் வந்துட்டாரு, பென்குவின் வந்துட்டாரு" என்று கலாய்த்தார்கள். வாயால் சொன்னால் மதிக்க மாட்டார்கள் என்று, மாதம் ஒரு தாள் எழுத ஆரம்பித்தேன்.

ஒரே ஒரு தாள்தான். மேல் பாதியில் செய்தி, கீழ்ப் பாதியில் குறிப்பு. புது வெளியீடு எது வந்திருக்கிறது, எதில் பிரிண்டர் சட்டென்று வேலை செய்கிறது, ஆஃபீஸ் மென்பொருளின் புதுப் பதிப்பு முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறதா என்பதெல்லாம் மேலே. கீழே குறிப்புகள். வேண்டிய எழுத்தை மவுஸால் இழுத்துவிட்டு வேறு இடத்தில் நடுப்பொத்தானை அமுக்கினால் போதும், வந்து ஒட்டிக்கொள்ளும். திரை உறைந்துபோனால் பிளக்கைப் பிடுங்காதே, கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கு. ஒரு திரை போதவில்லையா, கீழே நாலு கட்டம் இருக்கிறது பார், நாலும் உனக்குத்தான். இப்படி. ஜெராக்ஸ் எடுத்து ரயிலில் கொடுப்பேன். கடைத்தெரு பிரவுசிங் சென்டரில் ஒட்டுவேன். கடைசிப் பிரதி டிடிபி கடைக்கு.

டிடிபி கடைக்காரர் மலைமேல் முருகன் கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். முறை இருக்கிற நாட்களில் பொங்கலும் புளியோதரையும் இறக்கி வைத்துவிட்டு, நெய் வாசனையோடு இறங்கி வந்துதான் ஷட்டரைத் தூக்குவார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவர் கைதான். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை என்றால் பாதிப் பேருக்கு இடது பக்கம் தமிழ், வலது பக்கம் தெலுங்கு வேண்டும். ஆந்திரா எட்டிப்பிடிக்கிற தூரம், உறவெல்லாம் அந்தப் பக்கம். பழைய சிஸ்டத்தில் தமிழுக்கு ஒரு சாஃப்ட்வேர், தெலுங்குக்கு வேறு ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். தனித்தனியாகப் பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, பசை தடவி ஒட்டித்தான் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு அனுப்புவார்.

நான் போய் அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். ஒரே தாளில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, நடுவில் ஒரு பொத்தானை அமுக்கினால் மொழி மாறும். அதைவிடப் பெரிய வித்தை, ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை அடித்தால் அது தெலுங்காக வந்து விழும். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"சார், இது ஓசியா?"

"ஓசின்னு சொல்லாதீங்க. சுதந்திரம்."

"சுதந்திரமோ கிதந்திரமோ, துட்டு குடுக்கணுமா வேணாமா?"

"வேணாம்."

"அப்ப ஓசிதான்" என்று முடித்துவிட்டார்.

முதல் இருமொழிப் பத்திரிகைக்கு ஆந்திராப் பக்கம் நகரியிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தெலுங்குப் பக்கத்தை வரி வரியாகச் சொல்லி அடிக்க வைத்தார். அச்சாகி வந்ததும் அது அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த மாதத் தாளில் கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன்: தெலுங்கு தெரியாமலே தெலுங்கு அடிக்கலாம். கீழே குறிப்பு: நல்லபடியாக வந்த ஒரு பத்திரிகையை டெம்ப்ளேட்டாகச் சேமித்து வை. அடுத்த கல்யாணத்துக்குப் பெயர், தேதி, மண்டபம் மட்டும் மாற்று. மற்றதைத் தொடாதே.

மற்றதைத் தொடாதே. என்ன திமிர் பாருங்கள், எழுத்தே படிக்கத் தெரியாதவனுக்கு!

கடைக்காரர் அந்தத் தாளை மானிட்டருக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்தார். அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது அதற்கு அப்புறம்தான்.

பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரித்த முகம், பெரிய குரல், எதற்கும் அசராத ஆள். அவரை அசைக்கிற விஷயம் ஒன்றே ஒன்று, அவருடைய தம்பி. தம்பி கல்யாணமான பிறகு மாமியார் ஊரோடு போய்விட்டார். நகரி தாண்டி உள்ளே ஒரு கிராமம். பாகம் பிரித்தபோது ஏதோ பேச்சு வளர்ந்து, அதோடு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சாவு, வாழ்வு, பண்டிகை எதற்கும் போக்குவரத்து கிடையாது. "கோவம். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் கோவம் ஜாஸ்தி. தணியும்" என்பார் பாவா. வருடக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கல்யாணத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தம்பி வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என்ன போடுவது, எந்த மண்டபம் என்பதெல்லாம் அக்கா பாடு. இவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நைனா, பத்திரிகைல தெலுங்கும் போட்டுடு" என்றார். நைனா என்றால் அப்பா. ஆனால் எங்கள் பக்கத்தில் பாசம் வந்தால் பொடியனைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவனுக்கு எழுத்து தெரியாது. அவன் ஊட்ல படிச்சு சொல்றவங்க அத்தினி பேரும் தெலுங்குதான். சித்தப்பான்னு அவன் பேர முன்னாடி போடு. படிச்சி சொல்ல சொல்ல அவன் மனசு இளகிடும்."

"நீங்க கவலைய விடுங்க பாவா. பத்திரிகை என் பொறுப்பு. தாய்மாமன் சீரோட அதுவும் ஒண்ணுன்னு வெச்சுக்குங்க" என்றேன்.

கடைக்காரர் டெம்ப்ளேட்டைத் திறந்து, பெயர், தேதி, மண்டபம் மாற்றினார். ஆங்கில எழுத்தில் பாவாவின் பெயரைத் தட்டியதும் அது சுருள் சுருளாகத் தெலுங்கில் விழுந்தது. மாதிரிப் பிரிண்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பாவா தமிழ்ப் பக்கத்தை வாய்விட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தார். ஒரு புள்ளி விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்தார். பிறகு தெலுங்குப் பக்கத்தைத் தள்ளிப் பிடித்து ரசித்தார்.

"ஜாங்கிரி சுத்தின மாதிரி எவ்ளோ அழகா கீது! நீ பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன் பாவா."

பார்த்தேன்தான். பார்ப்பதற்கு என்ன, கண் இருக்கிறதே.

பத்திரிகைகள் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்த அன்று அக்கா ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். வெள்ளிக்கிழமை மலைக்குப் போய் முதல் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் மற்றது வெளியே போக வேண்டும். அது எங்கள் வழக்கம். அக்கா இதிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் நான் கிளம்பும்போது பாவா வாசல் வரைக்கும் வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கவரை எடுத்து என் பையில் செருகினார். தம்பியின் விலாசம் எழுதியிருந்தது.

"இத மட்டும் இன்னிக்கே போஸ்ட் பண்ணிடு. அந்தப் பக்கம் தபால் எருமை மேல ஏறித்தான் போவுது. அக்காக்கு தெரிய வேணாம்."

"சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடியா பாவா?"

"சாமிக்கும் அண்ணன் ஒருத்தன் இருக்கான். அவருக்கு புரியும், போ."

ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

வெள்ளிக்கிழமை மலையில் நல்ல கூட்டம். அக்கா, பாவா, நான் மூன்று பேரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு பத்திரிகையை வைத்துக்கொண்டு நின்றோம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாதத்தில் வைத்து, அர்ச்சனை செய்து எடுத்து வந்தார். திருப்பிக் கொடுக்கும்போது பெண், மாப்பிள்ளை பெயரைச் சரியாகச் சொன்னோமா என்று பார்ப்பதற்காகப் பத்திரிகையைப் பிரித்தார். மலைக்கு வருகிற கூட்டத்தில் பாதி ஆந்திரா ஜனம் என்பதால் குருக்களுக்கு இரண்டு எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. கைக்கு வாகாக விரிந்தது வலது பக்கம். படித்தவர், அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவள் நெற்றிப் பொட்டையும் கழுத்தையும் பார்த்துக் குழம்பினார்.

"ஏம்மா, பொண்ணுக்கு அப்பா தவறிட்டாரா? கன்னிகாதானம் பண்ணிக் குடுக்கப் போறது யாரு?"

"இதோ நிக்கறாரே சாமி!" என்றாள் அக்கா.

குருக்கள் மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "கீர்த்திசேஷுலுன்னு போட்டு இவர் பேர் இருக்கே..."

எங்களுக்குப் படிக்கத்தான் தெரியாது, கேட்டால் புரியாதா? காலமானவர்களின் பெயருக்கு முன்னால் மட்டும் போடுகிற வார்த்தை அது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு மொட்டைத் தலை பக்தர் வேறு எட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். முதல் இருமொழிப் பத்திரிகை அடித்த நகரிக்காரர் வீட்டில் பெண்ணின் அப்பா உயிரோடு இல்லை. அந்த வார்த்தை டெம்ப்ளேட்டிலேயே தங்கிவிட்டது. யாரும் தொடவில்லை.

அக்கா தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சன்னிதியில் சத்தம் போடக்கூடாது என்று வெளிப் பிராகாரம் வரைக்கும் பொறுத்தாள். வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஓசி கம்ப்யூட்டர்ல இடி விழ! எந்தாலிய எடுக்கறதுக்காடா தாய்மாமன்னு பொறந்த? யாருமே படிக்காம எப்புட்றா அச்சடிச்ச? எழுத்து தெரியலன்னா நாலு பேர கேக்க மாட்ட?"

கூனிக் குறுகி நின்றேன். பாவாதான் பெரிய குரலில் சிரித்தார். "உடு, ஆயுசு கூடும். இருக்கும்போதே பட்டம் குடுத்துட்டான் உன் தம்பி. எத்தினி பேருக்கு கெடைக்கும்?" குருக்களும், "சாமிகிட்ட வெச்சத சாமி பாத்துக்குவார், நீங்க மத்ததத் திருத்தி அடிச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் இறங்க ஆரம்பித்தாள்.

அவள் தள்ளிப் போகக் காத்திருந்ததுபோல் பாவா என் முழங்கையைப் பிடித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நைனா, அந்த ஒண்ணு போயிடுச்சே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற கட்டெல்லாம் வீட்டில் பத்திரமாக இருந்தது. வெளியே போனது ஒன்றே ஒன்று. அதுவும் எழுத்துத் தெரியாத, தெலுங்கில் யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிற, பாவா உயிராய் நினைக்கிற அந்தத் தம்பிக்கு.

கீழே இறங்கியதும் நேராக டிடிபி கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். என்மேல் பழிபோட அவர் நினைக்கவில்லை. ஆனாலும் மானிட்டருக்கு மேலே இருந்த தாளை அண்ணாந்து பார்த்து, "மத்தத தொடாதன்னு போட்டிருந்துச்சு, நானும் தொடல சார்" என்றார் பாவமாக. அந்தத் தாளைக் கிழித்து எறிய வேண்டும் போலிருந்தது. கிழிக்கவும் தைரியமில்லை. திருத்திய பத்திரிகையைத் திருப்பதி பஸ் கண்டக்டர் ஒருவரிடம் காட்டிப் படிக்க வைத்த பிறகுதான் மறுபடி அச்சுக்கு அனுப்பினோம்.

கூத்து என்னவென்றால், அந்த மாதம் ரயிலில் மூன்று நான்கு பேர் என்னைத் தேடி வந்து, "அந்த டெம்ப்ளேட் குறிப்பு சூப்பர் சார், ரொம்ப உபயோகமா இருந்துச்சு" என்று கை குலுக்கினார்கள். சிரித்து வைத்தேன்.

"பாவா, தம்பி ஊர்ல எஸ்டிடி பூத் இருக்குல்ல, ஒரு போன் போட்டு சொல்லிடலாம்" என்று மலையிலிருந்து இறங்கிய அன்றைக்கே கெஞ்சினேன். அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. எனக்கு அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சின்னப் பையன் ஒளிந்துகொண்டு கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் முகம்.

"வேணாம்" என்றார். "வரட்டும்."

"ஐயோ பாவா, துடிச்சுப் போயிடுவாரு."

"துடிக்கட்டும்! இத்தினி வருஷமா என்னைத் துடிக்க வெச்சான் இல்ல? ஊட்டாண்ட வந்து அண்ணான்னு அழட்டும். நான் உள்ளேர்ந்து 'இன்னாடா'ன்னு வெளிய வர்றேன். அப்ப அவன் மூஞ்ச பாக்கணும் நைனா!" சொல்லிவிட்டு அப்படியே நடித்துக் காட்டினார். தம்பி எப்படி அழுவான், இவர் எப்படித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார் என்று. சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்காட்ட மூச்சு விடாத" என்றார்.

நானும் மூச்சு விடவில்லை. ஏன் விடவில்லை என்றால், எனக்கும் ஒரு நப்பாசை. என்னுடைய தப்பே அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்துவிட்டால்? அக்கா திட்டியதெல்லாம் கழுவிப் போய்விடாதா? "நல்ல வேளை தப்பா அடிச்ச" என்று கல்யாணத்தில் நாலு பேர் சொல்ல மாட்டார்களா? அந்தக் கணக்கில்தான் நான் சும்மா இருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பாவா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்க ஆரம்பித்தார். வயல் வேலைக்கு ஆள் வைத்துவிட்டார். நகரிப் பக்கத்திலிருந்து பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பஸ் போனதும் வந்து உட்காருவார். "கல்யாண வேலை தலைக்கு மேல கீது, இந்த மனுசன் இன்னா வாசலையே பாத்துகினு குந்திகினு கீறாரு?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் ரயிலை விட்டு இறங்கியதும் பஸ் பிடித்து அங்கேதான் ஓடுவேன். என்னைப் பார்த்ததும் அவர் லேசாகத் தலையை ஆட்டுவார். இல்லை என்று அர்த்தம்.

வாரம் ஒன்று போய், அடுத்ததும் பாதி போயிற்று. தபால் தொலைந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். முருகா, அந்தக் கவர் எந்தச் சாக்கடையிலாவது விழுந்திருக்கட்டும். மழையில் நனைந்து எழுத்தெல்லாம் அழிந்திருக்கட்டும். தபால் பெட்டியில் கடிதம் போட்டவன் அது போய்ச் சேரக்கூடாது என்று வேண்டிக்கொள்வதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? நான் வேண்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாவா தானாகவே, "வண்டிய எடு நைனா" என்றார். திருத்தி அடித்த பத்திரிகை ஒன்றைத் தாம்பூலத் தட்டோடு துணிப்பையில் எடுத்துக்கொண்டார். தம்பியை நேரில் அழைக்கப் போகிறோம் என்று சொன்னதில் அக்காவுக்குச் சந்தோஷம். "அப்படிப் போயி கூப்டறதுதான் மரியாத" என்று இரண்டு சீப்புப் பழமும் வைத்து அனுப்பினாள். வழியெல்லாம் பாவா பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். கவர் போய்ச் சேர்ந்திருக்காது, விலாசத்தில் அந்த ஊர் பின்கோடு சரியில்லை, போஸ்ட்மேன் குடிகாரன், இப்படி. நான் ஆங் ஆங் என்று கேட்டுக்கொண்டு ஓட்டினேன். செக்போஸ்ட் தாண்டி, மாந்தோப்புகள் தாண்டி, மண் ரோட்டில் திரும்பினோம்.

தம்பி வீட்டு வாசலில் அவர் மனைவி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பாவாவைப் பார்த்தாள். "ஐயோ" என்று ஒரே கத்தல். கை தவிட்டுத் தண்ணீரோடு அப்படியே நின்றது. பிறகு ஓடிவந்து காலைத் தொட்டாள், தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள். கவர் வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கும் பாவாவுக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கொட்டகைக்குள் இருந்து தம்பி வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்து ஒரு கணம் நின்றார். வேறொன்றும் இல்லை, ஒரு கணம்.

"வா" என்றார். "குந்து."

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தோம். பாவாவுக்குச் சிரிக்க வேண்டும் என்று இருந்தது, வரவில்லை. "பத்திரிகை ஒண்ணு அனுப்பிச்சேனே" என்றார்.

"வந்துச்சு. மச்சான் பொண்ணு படிச்சா."

"அதுல என்னைய... தப்பா அடிச்சுட்டாங்க. நான் பூட்டேன்னு."

"ஆங். படிச்சா."

பாவா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். தம்பி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்பதுபோல் வெளியே பார்த்தார்.

"அன்னிக்கே தலைக்குத் தண்ணி ஊத்திகினேன்" என்றார்.

அவ்வளவுதான். பங்காளி செத்த செய்தி வந்தால் குளிக்க வேண்டும். குளித்திருக்கிறார். அவர் மனைவிதான் தாங்காமல், "போலாம் போலாம்னு தலையால அடிச்சுகினேன் பாவா. மூஞ்சி பாக்க முடியலன்னாலும் துக்கம் விசாரிக்கவாச்சும் போலாம்னேன். இந்த மனுசன் எழுந்துகினாதானே!" என்று சொல்லிவிட்டாள்.

"சும்மா இரு, மோர் எட்த்தா" என்றார் தம்பி. அதட்டக்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மோர் வந்தது. குடித்தோம். பாவா தட்டில் பத்திரிகையும் வெற்றிலையும் வைத்து, எழுந்து நின்று முறைப்படி அழைத்தார். தம்பியும் எழுந்து முறைப்படி வாங்கிக்கொண்டார். பயிர் எப்படி, மழை உண்டா, மாப்பிள்ளை என்ன வேலை என்று விசாரித்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரு கடுஞ்சொல் இல்லை, பழைய பேச்சு ஒன்றைக் கிளறவில்லை. வழிப்போக்கன் வந்தாலும் அவர் அப்படித்தான் உபசரித்திருப்பார். திட்டியிருந்தால் நான் அவர் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

திரும்பும்போது பாவா மாந்தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்று வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"பாவா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ, போ" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சரியா அடிச்சது போயிருந்தா அவன் வந்திருக்க மாட்டான். நானும் கோவம்னு நெனச்சுகினு இருந்திருப்பேன். கோவம்னா என்னைக்காச்சும் தணியும் இல்ல நைனா?" என்று கேட்டார்.

வண்டியைக் கிளப்பினேன்.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். நாங்கள் இறங்குவதற்குள், "இன்னா சொன்னாரு உங்க தம்பி? வர்றாரா?" என்றாள்.

பாவா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். "நல்லா பேசினான். மோரு குடுத்தான், சாப்டு போன்னான்" என்றார். "அவனுக்கு எம்மேல கோவமெல்லாம் ஒண்ணும் கெடையாது."

அக்கா சாமி படத்துப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்து, "வாடா, வந்து சாப்புடு" என்றாள்.